வீட்டுப்பாடம் தின்னும் அரை மணி நேரம்

கேள்வி

வணக்கம் ஐயா. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5க்கு அறிவியல் போதிக்கிறேன். வகுப்பில் 19 பேர். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். அதில் முதல் இருபது நிமிடம் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. பாதிப் பேர் செய்வதில்லை. செய்தவர்களின் விடையோ எழுத்துப்பிழை உட்பட ஒன்றுபோல் இருக்கிறது. காலையில் பள்ளி வேனில் பார்த்து எழுதுகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தை "வீட்டுப்பாடத்தை இங்கேயே தொடங்குங்கள்" என்று கொடுத்துப் பார்த்தேன். அது அரட்டை நேரமாகிவிட்டது. பெற்றோர் பலருக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வீட்டுப்பாடமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? தலைமையாசிரியர் பயிற்சிப் புத்தகத்தைக் கேட்பாரே என்ற பயமும் இருக்கிறது. நிலாவின் கலைகள், துருப்பிடித்தல் இரண்டும் இன்னும் நடத்தவில்லை. வழி சொல்லுங்கள்.

– ஓர் ஆசிரியை

பதில்

வணக்கம் டீச்சர்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மணிப் பாடத்தில் தொடக்கத்தில் இருபது நிமிடம், முடிவில் பத்து. வாரத்துக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் சரிபாதி வீட்டுப்பாடத்தின் பெயரால் கரைகிறது. விட்டுவிடலாமா என்று தோன்றுவது இயல்புதான். இப்போது கொடுத்துவரும் வகை வீட்டுப்பாடம் என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். காலியிடத்தை நிரப்புவது, பாடநூலைப் பார்த்து ஐந்து கேள்விக்கு விடை எழுதுவது எல்லாம் வகுப்பிலேயே முடிகிற வேலை. அதை வீட்டுக்கு அனுப்பினால் வேனில் வைத்துத்தான் எழுதுவார்கள். பதினொரு வயதில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆண்டு 6 முடிவில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் ஒழிந்தது. அந்தக் காலத்துப் பயிற்சித்தாள்கள் மட்டும் ஏனோ இன்னும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் வகுப்பறைக்குள் செய்யவே முடியாத வேலைகள் அறிவியலில் உண்டு. இரவு வானம் உங்கள் வகுப்பில் கிடைக்காது. ஆணி துருப்பிடிக்க நாலு நாள் வேண்டும், உங்களிடம் இருப்பது ஒரு மணி நேரம். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்த பாட்டி வீட்டில்தான் இருக்கிறார். வீட்டுப்பாடம் இதற்குத்தான் பயன்பட வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவது விடையாக இல்லாமல் தகவலாக இருக்கட்டும். அந்தத் தகவல் இல்லாவிட்டால் அடுத்த பாடமே நகராது என்கிற மாதிரி பாடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அப்போது திருத்தும் நேரம் என்று தனியாக ஒன்று தேவைப்படாது. அந்த இருபது நிமிடமே பாடமாகிவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் 2006இல் தம் குழுவோடு சேர்ந்து வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல்வகுப்புகளில் தெளிவாகத் தெரிந்தது, தொடக்கப்பள்ளி வயதில் பலவீனமாகவே இருந்தது. அவர் ஆதரிக்கும் அளவுகோல் எளிமையானது: வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஆண்டு 5 என்றால் ஒரு நாளைக்கு எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 50 நிமிடம். தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம் எல்லாம் பங்கு போட்டபின் அறிவியலுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும், அதிகம் போனால் பத்து. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஏற்ற வேலையாகக் கொடுங்கள்.

நிலாவிலிருந்து தொடங்குவோம், உங்களுக்கு அது இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதால்.

வழக்கமாக என்ன வீட்டுப்பாடம் கொடுப்போம்? "நிலாவின் கலைகளை வரைந்து பெயரிடுக." பிள்ளைகள் பாடநூலைத் திறந்து எட்டு வட்டம் வரைவார்கள். அதில் வானம் எங்கே இருக்கிறது? அதற்குப் பதில், அமாவாசை முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கி, பௌர்ணமி வரை தினமும் இரவு 7.45க்கு வீட்டு வாசலில் நிற்கச் சொல்லுங்கள். அமாவாசை என்றைக்கு என்பது சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலேயே இருக்கும், அதையும் அவர்களே பார்த்துச் சொல்லட்டும். வாசலில் செய்ய வேண்டியது மூன்றே காரியம். நிலா எப்படித் தெரிகிறதோ அப்படியே வரைவது. எந்தப் பக்கம் இருக்கிறது, கோயில் பக்கமா ஆலைப் பக்கமா என்று எழுதுவது. அப்புறம், தரையிலிருந்து எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கிறது என்று அளப்பது.

முஷ்டி அளவு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். கையை நேராக நீட்டி மூடிப் பிடித்தால், அந்த முஷ்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். சின்னப் பிள்ளைக்கு முஷ்டி சிறியது, கையும் குட்டை, ஆக கணக்கு பெரிதாக மாறாது. நிலா நாளொன்றுக்கு 12, 13 பாகை கிழக்கே நகர்கிறது. ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு வந்தால், அரைநிலா வரை தினமும் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக மேலே ஏறியிருக்கும். மூன்றாம் பிறை மேற்கே கூரைக்குச் சற்று மேலே இருந்தது, அரைநிலா அன்று கிட்டத்தட்ட தலைக்கு மேலே வந்துவிட்டது, பௌர்ணமி அன்று கிழக்கே செம்பனை மரங்களுக்குப் பின்னால் எழுந்தது என்று 19 பேரும் தாங்களே எழுதிக்கொண்டு வருவார்கள். இதை எந்தப் பயிற்சித்தாளும் தராது.

வேனில் பார்த்து எழுதும் கதைக்கும் இதில் மருந்து இருக்கிறது. அச்சுப் படங்களில் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே மாலையில் மேற்கே தெரியும் பிறை பெரும்பாலும் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். வெளியே போய்ப் பார்த்த பிள்ளை தோணியை வரையும். புத்தகத்தைப் பார்த்த பிள்ளை நிற்கும் பிறையை வரையும். யாரையும் பிடித்துக்கொடுக்க வேண்டாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "எது நம்ம ஊர் நிலா?" என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கு இரவு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்து முக்கியமான கேள்வி. பிறை ஏன் தேய்ந்தும் வளர்ந்தும் தெரிகிறது என்று கேட்டால் வகுப்பில் பலர், சில பெரியவர்களும்தான், "பூமியின் நிழல் விழுகிறது" என்பார்கள். எட்டு வட்டம் வரைந்து பெயரிட்ட பிள்ளையும் இதையே சொல்லும். ஏனென்றால் அந்த வேலை இந்தத் தவற்றைத் தொடவே இல்லை. இப்போது உங்கள் கையில் தகவல் இருக்கிறது. சூரியன் மேற்கே மறைந்தது, பிறையும் மேற்கேதான் இருந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சூரியன் மேற்கே இருந்தால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? கிழக்கே. அப்படியானால் மேற்கே இருக்கிற நிலாமேல் அது எப்படி விழும்? கொஞ்சம் நேரம் விடுங்கள், அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். தோணியின் ஒளிர்ந்த அடிப்பக்கம் மறைந்த சூரியனைப் பார்த்திருந்தது என்பதை யாராவது ஒரு பிள்ளை கவனித்துச் சொல்லும். நிழல் விழ வேண்டுமானால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், அது பௌர்ணமி அன்றுதான், அப்படி விழுந்தால் அதற்குச் சந்திர கிரகணம் என்று பெயர் என்பது வரை பேச்சு தானாகப் போகும். உங்கள் பழைய இருபது நிமிடம் இதற்குப் போதும்.

பௌர்ணமிக்குப் பிறகு நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஆறே முக்காலுக்கு வேனுக்குக் காத்திருக்கும்போது, தேய்பிறையின் முதல் சில நாள் மேற்கே பார்த்தால் நிலா தெரியும். நம் பிள்ளைகள் இருட்டோடு கிளம்புவதில் கிடைக்கும் ஒரே நன்மை அது.

மழை பெய்தால்? மேற்குக் கரையில் ஆண்டுக் கடைசியில் சாயங்காலம் ஆனால் இடி மழைதான். மேகம் மூடியிருந்தால் "மேகம்" என்று எழுதட்டும், கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. நேற்று மூன்று முஷ்டி, நாளை ஐந்தரை முஷ்டி என்றால் மேகம் மூடிய இன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று வகுப்பில் கேட்கலாம். பாடத்திட்டத்தில் இருக்கும் ஊகித்தல், முன்அனுமானித்தல் என்ற செயற்பாங்குத் திறன்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது அந்தக் கடைசிப் பத்து நிமிடம். நீங்கள் கொடுத்தது சரியான நேரம்தான், ஆனால் அதில் வேலை இல்லை. "தொடங்குங்கள்" என்றால் வேகமாக எழுதும் நாலு பேர் தொடங்குவார்கள், மற்றவர்களுக்கு மணி அடிக்கக் காத்திருக்கும் நேரம் அது. அம்மா ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வருகிற வீட்டில், வீட்டுப்பாடக் குறிப்பை விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே புரியாதது எதுவும் வீட்டுக்குப் போகக்கூடாது. செய்வது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம்.

நிலா வேலைக்கு நான் இப்படிப் பிரிப்பேன். கரும்பலகையில் நீங்கள் கோடு போடப் போட அட்டவணையை எல்லாரும் புத்தகத்தில் வரையட்டும்: தேதி, நேரம், படம், திசை, முஷ்டி. அப்புறம் முதல் வரியை உங்களோடு சேர்ந்தே நிரப்பட்டும், இன்றைய தேதியும் நேரமும் எழுதி, இன்றிரவு நிலா எப்படி இருக்கும் என்ற முன்அனுமானத்தைப் பென்சிலால் வரையட்டும். பிறகு எழுந்து நின்று, கையை நீட்டி, சன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம் எத்தனை முஷ்டி என்று அளக்கட்டும். சத்தம் வரும், வரட்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளையை எழுப்பி, என்ன செய்யப் போகிறாய் என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். "மழ பேஞ்சா?" "மறந்துட்டா?" "எங்க வீட்டுக்கு எதிர்ல பெரிய மரம் இருக்கு டீச்சர்." இந்தக் கேள்விகள் வீட்டில் எழுந்தால் வேலை நின்றுவிடும், வகுப்பில் எழுந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மணி அடிக்கும்போது எல்லார் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கும். வெற்றுப் பக்கத்தைவிட ஒரு வரி எழுதிய பக்கத்தைத் தொடர்வது பிள்ளைகளுக்குச் சுலபம்.

தொடக்க நேரத்துக்கு வருவோம். உங்கள் இருபது நிமிடம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக் கவனியுங்கள். பெயர் கூப்பிடுவது, "ஏன் செய்யவில்லை" என்று விசாரிப்பது, பத்துக் கேள்விக்கும் விடையை வாசித்துத் திருத்துவது. விசாரணைதான் அதிகம் தின்னும், அதில் யாரும் எதையும் கற்பதில்லை. வீட்டுப்பாடம் செய்து வந்த பிள்ளையும் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வகுப்பில் நுழையும்போதே கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். அட்டவணைப் பக்கம் மேசைமேல் கவிழ்ந்திருக்கட்டும். ஒரு துண்டுத் தாளில், எதையும் பார்க்காமல், நாலு நிமிடத்தில் எழுத வேண்டும். "செவ்வாய்க்கிழமை இரவு நிலா எந்தப் பக்கம் இருந்தது? ஏன்?" அவர்கள் எழுதும்போது நீங்கள் பெயர்ப்பட்டியலோடு ஒரு சுற்று வந்து, செய்தது, பாதி, இல்லை என்று மூன்று குறியில் ஒன்றைப் போடுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். "இல்லை" வாங்கியவர்களை ஓய்வு நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம்.

பார்க்காமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். படித்துவிட்டு அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் அவர்களை முந்தினார்கள். நம் பாடங்களுக்கு இடையே மூன்று நாலு நாள் இடைவெளி விழுகிறது, அதனால் இது நமக்கு நேரடியாகப் பயன்படும். அந்தத் துண்டுத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட ஆரம்பித்தால் மறுபடி பார்த்தெழுதுதல் ஆரம்பிக்கும்.

துருப்பிடித்தலுக்கு வேறு மாதிரி. உங்கள் 19 பேர் இதற்குச் சரியாக அமைகிறார்கள். ஒன்பது நிலைமைகளை வகுப்பிலேயே முடிவு செய்யுங்கள்: சாதா நீரில், உப்பு நீரில், ஈரத் துணியில் சுற்றி, சமையல் எண்ணெய் தடவி நீரில், நகப்பூச்சு பூசி நீரில், அரிசிக்குள் புதைத்து, இப்படி. ஒரு நிலைமைக்கு இரண்டு பேர், வேறு வேறு வீட்டில். மிஞ்சும் ஒருவருக்கு ஒன்றும் செய்யாத ஆணி, அலமாரிமேல் சும்மா கிடக்கட்டும். வியாழக்கிழமை கொண்டுபோய் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். எவ்வளவு துரு என்பதற்கு அளவுகோலை முன்பே வகுப்பில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: துரு இல்லை என்றால் 0, அங்கங்கே புள்ளி என்றால் 1, பாதி என்றால் 2, முழுவதும் என்றால் 3.

ஆணி விஷயத்தில் எச்சரிக்கை. கடையில் பளபளவென்று கிடைக்கும் ஆணிகளில் பல துத்தநாகம் பூசியவை, கூரைத் தகரத்துக்கு அடிப்பது போல. அவை நாலு நாளில் ஒன்றும் ஆகாது, உங்கள் சோதனை படுத்துவிடும். பூச்சில்லாத இரும்பு ஆணியாகக் கேட்டு நீங்களே ஒரே பெட்டியிலிருந்து வாங்கிக் கொடுங்கள். புதிய ஆணியில் எண்ணெய்ப் பசை இருக்கும், கடைசிப் பத்து நிமிடத்தில் மணல்தாளால் தேய்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போகட்டும். கொதிக்கவைத்த நீரில் எண்ணெய்ப் படலம் போட்டுக் காற்று புகாமல் செய்யும் சோதனையை மட்டும் பிள்ளைகளிடம் விட வேண்டாம், பள்ளியில் நீங்கள் செய்து காட்டுங்கள். தோட்ட வீடுகளில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய போத்தல்களில் களைக்கொல்லியை ஊற்றி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சோதனைக்கு எந்தப் போத்தலையும் வீட்டின் பின்புறத்திலிருந்து எடுக்கக்கூடாது, சமையலறைக் குவளை போதும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை கரும்பலகையில் பெரிய அட்டவணை. ஒவ்வொரு பிள்ளையும் வந்து தன் எண்ணை எழுத வேண்டும். ஒரே நிலைமையில் வைத்த இருவரில் ஒருவர் 1 எழுதுவார், இன்னொருவர் 3 எழுதுவார். அங்கேதான் பாடம் சூடு பிடிக்கும். "நீ எவ்வளவு தண்ணி ஊத்தின?" "நான் ஆணி முழுசா முங்கற மாதிரி." "நான் பாதிதான்." தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாமல் வைப்பது) என்று நாம் எத்தனை முறை எழுதிப்போட்டும் மனத்தில் நிற்காத விஷயம், அந்த இரண்டு ஆணிகளைப் பார்த்தால் நிற்கும். பார்த்தெழுதுவதற்கு இதில் வாய்ப்பே கிடையாது. ஆளாளுக்கு ஆணி வேறு.

செய்யாத பிள்ளைக்கு அட்டவணையில் இடம் காலியாகக் கிடக்கும். அது தெரியட்டும், ஆனால் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். ஏன் செய்யவில்லை என்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். டியூஷன் முடிய ஒன்பது மணி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் இடமில்லை. அந்தப் பிள்ளையின் ஆணி வகுப்பு சன்னலோரத்தில் இருக்கலாம். நிலாவை வேனிலிருந்து பார்க்கலாம். யூடியூப் காணொளி பார்த்து வரச் சொல்லும் வீட்டுப்பாடம் மட்டும் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரு திறன்பேசி அப்பாவோடு லாரியில் போய்விடும்.

பெற்றோரிடம் சொல்லிக்கொடுக்கும் வேலையை எதிர்பார்க்காதீர்கள், கேட்கும் வேலையைக் கொடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு வரி போதும்: "இந்த வாரம் பிள்ளைகள் நிலா பார்க்கிறார்கள். இன்று எத்தனை முஷ்டி என்று கேளுங்கள்." சில பாடங்களில் அவர்களே தகவலாகவும் இருப்பார்கள். துரு பாடத்தின்போது, குலை வெட்டும் அரிவாளைத் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பார்கள் என்று தாத்தாவிடம் கேட்டு ஒரு வரி எழுதி வரலாம். தாவரங்கள் பற்றிப் பேசும்போது, 1981க்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை யார் கொண்டு சேர்த்தார்கள் என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த வருடம்தான் கேமரூனிலிருந்து ஒரு வண்டினத்தைக் கொண்டுவந்து நம் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்பு பல தோட்டங்களில் ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள், அந்த வேலை செய்தவர்கள் சிலர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில். இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு மகரந்தச் சேர்க்கைக்குச் செம்பருத்தியை மட்டும் வரைந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

திரட்டேடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா படம் வெட்டி ஒட்டுகிற வேலைக்கு அறிவியல் என்று பெயர் வைக்காதீர்கள்.

தலைமையாசிரியர் பயம் நியாயமானதுதான். அவர் புத்தகத்தைத் திறந்தால் சிவப்பு மையைத் தேடுவார். முன்கூட்டியே அவரிடமும், அறிவியல் பாடக்குழுக் கூட்டத்திலும் சொல்லி வைத்துவிடுங்கள்: இந்த மாதம் பத்துக் கேள்விப் பயிற்சி இருக்காது, ஆளுக்கு ஒரு பதிவுப் பக்கம் இருக்கும். உற்றறிதல், அளத்தல், முன்அனுமானித்தல் என்று எந்தத் திறன் எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்பதை ஒரு மாதிரிப் பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள். வகுப்பறை மதிப்பீட்டுக்கு அடைவுநிலை போடும்போது, காலியிடம் நிரப்பிய தாளைவிட இந்தப் பக்கம் உங்களுக்குக் கை கொடுக்கும். ஒரு பிள்ளை தன் அட்டவணையைப் பார்த்துக் காரணம் சொல்கிறதா, வெறுமனே விவரிக்கிறதா என்பது இதில் பளிச்சென்று தெரியும். திருத்துவதற்கு ஒரு கையெழுத்து, தேதி, ஒரு வரிக் குறிப்பு போதும். அந்த வரியும் கேள்வியாக இருந்தால் நல்லது: "வியாழக்கிழமை ஏன் கிழக்கே எழுதியிருக்கிறாய்?" பதிலை அடுத்த பாடத்தின் துண்டுத் தாளில் எழுதட்டும்.

இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடாதீர்கள், 19 பேருக்கும் தலை சுற்றும். நிலா முதலில். நாட்காட்டியைப் பார்த்து, அடுத்த அமாவாசைக்குப் பிறகு வரும் முதல் அறிவியல் பாடத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். ஆணிப் பெட்டியும் மணல்தாளும் பௌர்ணமிக்குப் பிறகு வாங்கினால் போதும். நாலைந்து ஆணி உபரியாக வையுங்கள், இரண்டு பேராவது தொலைத்துவிட்டு வருவார்கள்.